கல்மரம் காண வருவோர்க்கு

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (தாவரவியல்) மாணவி

ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுப் பேராசிரியர் வகுப்பில் வந்து கேட்டபோது, தோழியர் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தனர். சிரிப்பதற்குக் காரணம் உண்டு. வடக்கே விருத்தாசலம், தெற்கே திருச்சி, கிழக்கே கும்பகோணம். இவற்றைத் தாண்டி நான் போனதில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கல்லூரிக்கு வந்து போவதே எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஒரு நெடும்பயணந்தான். ஆயினும் கையை உயர்த்திவிட்டேன். உயர்த்திய கையை எப்படி இறக்குவது என்ற கவலையோடு நூலகத்துக்குப் போனேன்.

அங்கே கைக்குக் கிடைத்தது அர்ஜென்டினா செல்வோருக்கான வழிகாட்டி நூல் ஒன்று. யார் வாங்கி வைத்தார்களோ தெரியாது. எனக்கு முன் அதை எடுத்தவர் எவருமில்லை என்பதைப் பின்னட்டைத் தாள் சொல்லிற்று. நமக்குச் சித்திரை வெயில் அடிக்கும்போது அங்கே இலையுதிர் காலம் என்றும், நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக் கொள்ளும்போது அங்கே கோடை என்றும் அது கூறிற்று. சில்லறை வைத்துக் கொள்ளுங்கள், நெடுந்தூரப் பேருந்தில் கம்பளி எடுத்துச் செல்லுங்கள், இரவுச் சாப்பாடு அங்கே மிகவும் தாமதம், பசி தாங்காதவர் முன்னேற்பாடு செய்து கொள்ளுங்கள் என்றெல்லாம் யோசனைகள். நான் போகப் போவதில்லை என்று தெரிந்தும் வரி விடாமல் படித்தேன். பயண நூலின் சுகமே அதுதானே!

படித்துக்கொண்டே போகையில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். தரையில் கிடக்கும் புதைபடிவங்களை எடுக்காதீர்கள், வாங்காதீர்கள், நாட்டைவிட்டு வெளியே கொண்டு போக முயலாதீர்கள், அவை அரசின் சொத்து என்று எழுதியிருந்தது. 2003ஆம் ஆண்டிலேயே அந்நாட்டார் இதற்கெனத் தனிச் சட்டம் செய்திருக்கின்றனர். அதைப் படித்ததும் என் பத்தாவது வயதில் நான் செய்த ஒரு வியாபாரம் நினைவுக்கு வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் இரண்டு எலும்புகளின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1987ஆம் ஆண்டு அர்ஜென்டினாவின் நேயுக்கேன் மாநிலத்தில் ஒரு பண்ணையாளர் தம் நிலத்தில் பெரிய கல் ஒன்றைக் கண்டார். கல்லாகிப்போன மரம் என்று நினைத்தார். வந்து பார்த்த அறிஞர்கள் அது எலும்பு என்றனர். 1993இல் அந்த விலங்குக்கு ஆர்ஜென்டினோசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய நிலவிலங்குகளுள் ஒன்று. பக்கத்திலிருக்கும் பிளாசா உயின்குல் என்ற சிற்றூரின் அருங்காட்சியகத்தில் அதன் முழு எலும்புக்கூட்டு வடிவத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க் கிணறுகளைத் தவிர வேறொன்றும் இல்லாதிருந்த ஊருக்கு, எலும்பைப் பார்க்கவென்று இன்று உலகத்தார் வருகின்றனர்.

அதே 1987ஆம் ஆண்டில், நம் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைப் பற்றி யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியல் அறிஞர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். விலங்குக்கு அவர்கள் இட்ட பெயர் பிருகத்காயோசாரஸ். பிருகத் என்றால் பெரிய. காயம் என்றால் உடல். காலின் கீழெலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று எழுதினார்கள். 2023இல் அந்த அளவுகளையும் பழைய படங்களையும் வைத்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள் அதன் எடை 110 டன்னிலிருந்து 170 டன் வரை இருந்திருக்கலாம் என்றனர். அப்படியானால் ஆர்ஜென்டினோசாரஸ் எங்கள் ஊர் விலங்குக்குத் தம்பி! ஆனால் உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஏனென்றால் எலும்பு இல்லை. களிமண்ணில் ஊறி நொறுங்கும் நிலையில் இருந்த அவை தோண்டியெடுத்த பின் பொலபொலவென்று உதிர்ந்து போயின. அது எலும்பே அல்ல, கல்மரந்தான் என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். பழைய படங்களை வெளியிட்டு, எலும்புதான் என்று மறுபடியும் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. அங்கே மரம் என்று நினைத்தது எலும்பாகி அருங்காட்சியகம் ஏறியது. இங்கே எலும்பு மண்ணாகிவிட்டு, மரமாக இருக்குமோ என்ற பேச்சுக்கு ஆளாயிற்று.

நிற்க. அர்ஜென்டினாவுக்கு வழி சொல்ல நூல்கள் ஆயிரம் இருக்கின்றன. பெரம்பலூர், அரியலூர்ச் சீமைக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்ல யார் இருக்கிறார்கள்? ஆகவே என் பயணக் கட்டுரை நான் போன ஊரைப் பற்றியதன்று. நீங்கள் வரவேண்டிய ஊரைப் பற்றியது. உள்ளூர்த் தோழர்களும் படிக்கலாம். நம்மில் பாதிப்பேர் கல்மரத்தைப் பார்த்ததில்லை என்பதை வகுப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் வந்து சேரும் வழி. இரயிலில் வருவோர் விழுப்புரம் – திருச்சித் தடத்தில் அரியலூரில் இறங்கலாம். பெரம்பலூருக்கு இரயில் கிடையாது. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையே அதற்கு எல்லாம். அரியலூர் என்றதும் வெளியூர்ப் பெரியவர்கள் 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலத்தில் நடந்த இரயில் விபத்தைத்தான் சொல்வார்கள். இலால் பகதூர் சாஸ்திரி பதவி விலகிய கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். அதற்கடுத்து சிமென்ட். எங்கள் ஊரைப் பற்றிய வெளியுலக அறிவு அத்தோடு முடிந்தது. இந்த இரு மாவட்டங்களும் திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் ஒன்றாகப் பிரிந்து, 2001இல் இரண்டாகி, 2002இல் மறுபடி ஒன்றாகி, 2007இல் மறுபடி இரண்டானவை. ஆகையால் எந்த இடம் எந்த மாவட்டம் என்று பெரியவர்களிடம் வாதம் செய்யாதீர்கள். அவர்கள் இன்னும் திருச்சி ஜில்லாவில்தான் இருக்கிறார்கள்.

எப்போது வருவது? தை, மாசி மாதங்களில் வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காரைப் பக்கத்துக் களிமண் காலைப் பிடித்தால் செருப்பை விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். பங்குனிக்கு மேல் வெயில் பொறுக்காது. அங்கே ஒதுங்கி நிற்க ஒரு வேப்பமரம்கூடக் கிடையாது, சீமைக்கருவேலந்தான். தடித்த அடியுள்ள செருப்புப் போடுங்கள். முள் ஒரு பக்கம்; தரையெங்கும் பளபளக்கும் ஜிப்சத் துண்டுகள் ஒரு பக்கம். இரண்டு புட்டித் தண்ணீர் கட்டாயம்.

சாத்தனூர்க் கல்மரம் ஆலத்தூர் வட்டத்தில் இருக்கிறது. பேருந்து குறைவு. இறங்கும்போதே நடத்துநரிடம், "அண்ணே, திரும்பி எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். இந்த ஒரு யோசனைக்காகவே இக்கட்டுரையைப் படித்தது தகும். 18 மீட்டர் நீளம் படுத்துக்கிடக்கும் இந்த மரத்தை, 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் கண்டு உலகுக்குச் சொன்னார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக வேலியிட்டுக் காக்கிறது. வயது 12 கோடி ஆண்டு என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். பூப்பூவா ஊசியிலை மரவகை. தாவரவியல் மாணவி என்ற முறையில் ஒன்று சொல்வேன்: மரம் கல்லாக மாறவில்லை. மரம் மட்கி விலக விலக, நீரில் கரைந்திருந்த சிலிக்கா அணு அணுவாக அந்த இடத்தில் வந்து அமர்ந்திருக்கிறது. குடியிருந்தவர் காலி செய்த வீட்டில், சுவரைக்கூட இடிக்காமல் புதியவர் குடிவந்தது போல. கிட்டப்போய்ப் பாருங்கள், மரத்தின் நார் ஓடும் திசைகூடத் தெரியும். நான் முதல்முறை போனபோது எதிர்பார்த்தது நிற்கும் மரம். படுத்திருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்தேன். நீங்கள் ஏமாற வேண்டாம் என்று முன்னரே சொல்லிவிடுகிறேன்.

அங்கிருந்து காரை. இதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். வறண்ட மேடும் ஓடையுமாய், புல் பூண்டற்று, மஞ்சளும் சாம்பலுமாய் விரிந்து கிடக்கும் நிலம். நிலாவில் நிற்கிறோமோ என்று தோன்றும். அர்ஜென்டினாவிலும் இஸ்கிகுவாலாஸ்தோ என்றொரு இடம் உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயரே நிலவுப் பள்ளத்தாக்கு. 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அங்கே நினைத்தபடி நினைத்த இடத்தில் நடக்க முடியாது. வந்த வண்டிகளெல்லாம் வரிசை கட்டி, முன்னே பூங்காவின் வழிகாட்டி போக, அவர் நிறுத்தும் இடத்தில் நின்று, அவர் காட்டுவதைப் பார்த்துத் திரும்ப வேண்டும். காரையிலோ எனக்குத் தெரிந்து வருகிறவர் வருகிறார், குனிகிறார், எடுக்கிறார், போகிறார்.

காரை என்ற சிற்றூரின் பெயர் உலக நிலவியல் நூல்களில் இருப்பதை எத்தனை பேர் அறிவோம்? காரை, சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு, நின்னியூர் என்று நமது பேருந்துப் பலகையில் காணும் பெயர்களெல்லாம் பாறை அடுக்குகளின் பெயர்களாக வழங்குகின்றன. 1862இல் பிளான்போர்டு என்ற ஆங்கிலேய அறிஞர் இப்பாறைகளை ஆராய்ந்து நூல் எழுதினார்; பின்னர் ஸ்டோலிக்ஸ்கா என்பவர் இங்குக் கிடைத்த உயிரினங்களை வகை வகையாகப் படமிட்டு விவரித்தார். இன்று கடலைப் பார்க்க நாம் கடலூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ பேருந்து ஏறுகிறோம். அன்று கடல் இங்கேயே இருந்தது. நின்னியூர் அடுக்குக்கு வரும்போது டைனோசர் காலமே முடிந்துவிட்டது. உலகம் ஒரு யுகத்திலிருந்து மறுயுகத்துக்குக் கால் எடுத்து வைத்த படி, செந்துறைப் பக்கத்து மண்ணுக்குள் கிடக்கிறது.

இப்போது என் வியாபாரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு ஆட்டுக் கொட்டகைப் படலுக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல் இருந்தது. தட்டு அகலம், ஆட்டுக்கிடாக் கொம்பு போலச் சுருண்டிருக்கும். அப்பாயி அதை நத்தைக்கல் என்பாள். அவள் மருமகளாக வந்த நாளிலிருந்து அது அங்கேயே கிடந்ததாம். நான் நாலாம் வகுப்புப் படிக்கையில், காரில் வந்த ஒருவர் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இந்த மாதிரிக் கல் இருந்தால் கொண்டு வாருங்கள், காசு தருகிறேன் என்றார். ஓடைக்கு ஓடிச் சிலர் சிறு கற்களைப் பொறுக்கி வந்தார்கள். நான் வீட்டுக்கு ஓடிப் படல்கல்லைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தேன். ஐம்பது ரூபாய் கொடுத்தார். மற்றவர்களுக்கு ஐந்தும் பத்தும். அன்று நான் தெருவுக்கே இராணி. காந்தம் வைத்த பென்சில் பெட்டி வாங்கினேன். அன்றிரவு படல் காற்றில் திறந்து ஒரு குட்டி ஓடிவிட, அப்பாயி என்னை ஏசிய ஏச்சு இருக்கிறதே, அது அச்சில் ஏறாது. மறுநாள் அப்பா ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தார். இன்றும் செங்கல்தான் இருக்கிறது.

கல்லூரிக்கு வந்த முதலாண்டு, ஆய்வகக் கண்ணாடிப் பேழைக்குள் அரை உள்ளங்கை அளவில் ஒன்றைக் காட்டி, இது அம்மோனைட், கடல்வாழ் உயிரி, நம் பகுதியில் கிடைத்தது என்று பேராசிரியர் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை. எங்கள் கொட்டகையில் கிடந்தது இதைப்போல் எட்டு மடங்கு பெரிது என்று எப்படிச் சொல்வேன்? அதை எங்கே என்று அடுத்த கேள்வி வருமே!

ஒரு தோழன் கேட்டான்: "உங்கப்பா வேலை செய்யும் சுரங்கத்தில் நாள்தோறும் லாரி லாரியாகச் சிப்பியைத் தோண்டி சிமென்ட் ஆக்குகிறார்கள். எவனோ ஒருவன் ஒரு கல்லை எடுத்துப் போனதுதான் உனக்குப் பெரிதாகப் பட்டுவிட்டதா?" கேள்வி நியாயமானது. இரண்டு நாள் தூக்கமில்லாமல் யோசித்தேன். என் அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் துளை போடும் வேலையாள். அந்தக் கூலியில்தான் என் பேருந்துக் கட்டணமும் புத்தகமும் வருகின்றன. கல்லங்குறிச்சி அடுக்கில் கிரைபியா என்ற சிப்பி, கோடி கோடியாக, ஒன்றின் மேல் ஒன்றாகச் செறிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் சுவரும் கூரையும் அந்தச் சிப்பியிலிருந்து வந்தவைதாம். நான் அதை மறுக்கவோ பழிக்கவோ மாட்டேன். மறுத்தால் நன்றி கெட்டவளாவேன்.

ஆனால் தோழனுக்கு இரண்டு பதில்கள் உண்டு. அம்மோனைட்டின் மதிப்பு அதன் சுருளில் இல்லை, அது கிடந்த இடத்தில் இருக்கிறது. அம்மோனைட் இனங்கள் வேகமாகத் தோன்றி வேகமாக மறைந்தவை. ஆகவே எந்த இனம் எந்த அடுக்கில் கிடக்கிறது என்று பார்த்தே அந்த அடுக்கின் காலத்தைச் சொல்கிறார்கள். அடுக்கிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டால், தாள் பறக்காமல் இருக்க உதவும், வேறொன்றுக்கும் உதவாது. நாள்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு போனவரிடம் தாள் இருக்கும். அது எந்த நாள்காட்டியின் தாள் என்பது இருக்காது. இரண்டாவது பதில் சுரங்கங்களுக்கும் சேர்த்துத்தான். வெடி வைக்கும் முன் அந்த முகப்பைப் படம் எடுத்து, அளந்து, அரியதாக ஏதேனும் தென்பட்டால் தனியே எடுத்து வைக்க ஓர் ஆள் இருக்கட்டும் என்பது என் கருத்து. அதற்கு நிலவியல் படித்த நம் மாவட்டப் பிள்ளைகளை வைக்கலாம். கல்லும் பிழைக்கும், பிள்ளையும் பிழைக்கும். இத்தகைய நிலவியல் மரபிடங்களைக் காக்கச் சட்ட வரைவு ஒன்றை நடுவண் அரசு 2022இல் வெளியிட்டது. வரைவு மட்டும் போதுமா என்பதை அரசியல் அறிவியல் மாணவர்கள் எழுதட்டும்.

பயணிகளே, இன்னொன்று. டைனோசர் முட்டை தேடி வராதீர்கள். 2020இல் குன்னத்தில் ஏரி தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. ஒரே நாளில் கைப்பேசிகளெல்லாம் டைனோசர் முட்டை என்று அலறின. ஊர்வலம் போல வண்டிகள். வந்து பார்த்த நிலவியலார், இவை முட்டையல்ல, அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு உருண்டு திரண்ட கற்கள் என்றார்கள். கூட்டம் கலைந்துவிட்டது. எனக்கு வியப்பு என்னவென்றால், முட்டை இல்லை என்றதும் எல்லோருக்கும் சப்பென்று ஆகிவிட்டதுதான். கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள கடலுயிர் ஊர் ஏரியில் கிடைத்திருக்கிறது. அது ஒரு செய்தியாகப் படவில்லை!

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு என் வழிகாட்டுதல் தேவையில்லை. 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோயில் அது, பேருந்தும் நிறைய. நண்பகலில் நடை சாத்துவார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தோற்றத்தில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தங்கை என்பார்கள். தஞ்சைக் கோபுரம் நிமிர்ந்து நிற்கும் வீரன் என்றால், இது இடுப்பை வளைத்து நிற்கும் நங்கை. சண்டேசருக்குச் சிவபெருமான் மாலை சூட்டும் சிற்பத்தின் முன் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். பிறகு வெளியே வந்து சுற்றுச்சுவர் இருந்த இடத்தைப் பாருங்கள். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இக்கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அணை வேண்டாமென்று எந்த உழவர் வீட்டுப் பெண்ணும் சொல்லமாட்டாள். ஆயினும் அந்த வெற்றிடத்தில் நிற்கும்போது எனக்கு எங்கள் கொட்டகைப் படல்தான் நினைவுக்கு வருகிறது. பக்கத்தில் மாளிகைமேட்டில் இராசேந்திரனின் அரண்மனை அடித்தளத்தை அகழ்ந்து காட்டியிருக்கிறார்கள். அதையும் பார்க்காமல் பேருந்து ஏறிவிடாதீர்கள்.

மற்றவற்றை விரைந்து சொல்கிறேன். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளிக்கிழமைகளிலும் சில விசேட நாட்களிலும் மட்டுமே திறந்திருக்கும்; செவ்வாய்க்கிழமை வந்து கதவைப் பார்த்துக் கும்பிட்டுப் போனவர்கள் பலர். இரஞ்சன்குடிக் கோட்டை நெடுஞ்சாலைக்கு அருகிலேயே இருக்கிறது. 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வாலிகண்டபுரத்தில் மோதிய போரோடு தொடர்புடையது. சென்னைப் பேருந்தின் சன்னல் வழியே பார்த்துவிட்டு, பார்த்தாயிற்று என்று சொல்லக் கூடாது. கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024 சனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்துகள் அங்கே வருகின்றன. புள்ளம்பாடி வாய்க்காலில் மேட்டூர்த் தண்ணீர் வந்தால்தான் அவற்றுக்கும் விருந்து. ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆலயம் இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் வாழ்ந்த இடம். தமிழ் இலக்கிய மாணவர்கள் ஒருமுறையேனும் போக வேண்டும்.

பெண்களுக்குத் தனியாக ஒரு பத்தி. பேருந்து நிலையத்திலேயே எல்லா ஏற்பாடுகளையும் முடித்துக்கொண்டு புறப்படுங்கள். இடையில் வசதி கிடைக்கும் என்று நம்பாதீர்கள். இருவராவது சேர்ந்து வாருங்கள். மாலை ஐந்துக்குள் பெருஞ்சாலைக்கு வந்துவிடுங்கள். இருசக்கர வண்டியில் வருகிறவர்கள் அரியலூரைச் சுற்றி லாரிகளுக்கு வழிவிட்டே போங்கள். அந்த ஓட்டுநர்கள் பொல்லாதவர்களல்லர், ஆனால் அவர்களுக்கு நடைக் கணக்கு இருக்கிறது. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் தண்ணீர் பச்சைநிறத்தில் அழகாகத் தேங்கி நிற்கும். படம் எடுங்கள், இறங்காதீர்கள். கரை செங்குத்து, ஆழம் யாருக்கும் தெரியாது. நீச்சல் தெரிந்த எங்கள் ஊர்ப் பையன்களே இறங்கமாட்டார்கள்.

எங்கள் மக்களிடம் எப்படிப் பேசுவது? வழி கேட்டால் வேலையை விட்டுவிட்டு வந்து காட்டுவார்கள். மோர் கொடுப்பார்கள், வாங்கிக் குடியுங்கள். சின்ன வெங்காய அறுவடைக் காலமானால் இரண்டு கைப்பிடி மடியில் கட்டியும் அனுப்புவார்கள். வெங்காயத்தைத் தாராளமாகக் கொண்டு போகலாம். ஆனால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காசைக் காட்டாதீர்கள். கல்லை யாராவது நீட்டினால், "இது எங்கே கிடந்தது, அங்கேயே கொண்டுபோய் வைத்துக் காட்டு, படம் எடுத்துக் கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். பத்து வயதில் என்னிடம் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் போதும். அவர் படித்தவர், நான் நாலாம் வகுப்பு. அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்பதுதான் அந்த வியாபாரத்தின் முதல். "பின்தங்கிய பகுதி, இவர்களுக்கு என்ன தெரியும்" என்று பேருந்தில் பேசிக்கொண்டு வருகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். ஆமாம், தெரியாமல்தான் இருந்தோம். தெரிந்தவர்கள் வந்து சொல்லவில்லையே!

சொல்ல வேண்டியவர்கள் இனி நாம்தாம் என்பது என் எண்ணம். பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் நாம் ஆண்டுதோறும் பத்து நாள் சாலையோரம் புதர் வெட்டுகிறோம்; மறு ஆண்டு அதே புதரை வெட்டுகிறோம். அதில் மூன்று நாளையாவது காரைப் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம். ஒரு கல்லைக் காட்டி, இது என்ன, ஏன் இங்கே இருக்கிறது, ஏன் இங்கேயே இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மால் முடியும். நிலவியல் தெரிந்தவர் பாறையைச் சொல்லட்டும், விலங்கியலார் உயிரைச் சொல்லட்டும், வரலாற்று மாணவர்கள் கோட்டைக்கும் கோயிலுக்கும் பொறுப்பேற்கட்டும். தை, மாசி ஞாயிறுகளில் வெளியூரார்க்கு வழிகாட்டியாகப் போனால் போக்குவரத்துச் செலவுக்கும் சிறிது கிடைக்கும். அர்ஜென்டினாவில் வண்டி வரிசைக்கு முன்னே போகிற வழிகாட்டி வானத்திலிருந்து வந்தவரல்லர்.

சென்ற மாதம் அப்பாவுக்கு ஒரு நாள் விடுப்பு. வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கோயிலுக்கு வருவது போல் செருப்பை வாசலில் கழற்றப் போனார், வேண்டாம் என்றேன். கண்ணாடிக்குள் இருந்த சிப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, "இது இங்க இருக்கா? இதுலதான் ட்ரில்லு மாட்டிக்கும், பிட்டே போயிடும்" என்றார். பிறகு பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். நான் வாய்திறக்கவில்லை. வெளியே தேநீர் குடிக்கும்போது, அந்தப் படல்கல் இந்தப் பெரிசு இருக்குமில்லையா என்று கைகளை அகட்டிக் காட்டினார். இருக்கும் என்றேன்.

அடுத்த முறை அப்பாயியையும் அழைத்துப் போக வேண்டும் என்கிறார். அவளுக்கு முழங்கால் வலி. நகரப் பேருந்தில் படி உயரம் குறைவாக இருக்கும், காலை பதினொரு மணிக்குமேல் கூட்டமும் இராது. அந்தப் பேருந்தாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.